முதல் சுற்றை முன்னால் ஓடிய ஸ்ரீராம் சிங்: அது தவறா?

தண்டையார்பேட்டை மாஸ்டர் | ஞாயிறு, இரவு 9.10

நேற்று பள்ளிகளுக்கு இடையிலான போட்டி. என்னிடம் பயிற்சிக்கு வரும் பெண் ஒருத்தி 800 மீட்டர் ஓடினாள். பதினோராம் வகுப்பு படிக்கிறாள். காசிமேட்டுப் பெண், அம்மா மீன் விற்கிறார். துப்பாக்கி வெடித்த நொடியிலிருந்து 650 மீட்டர் வரை அவள்தான் முன்னால். கடைசி வளைவில் ஒருத்தி தாண்டினாள். நேர்கோட்டுக்கு வந்ததும் இன்னும் மூன்று பேர். ஐந்தாவதாகக் கோட்டைக் கடந்து, முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்து நின்றாள். நான் தண்ணீர் பாட்டிலுடன் அவளிடம் போய்ச் சேருவதற்குள் மூன்று பேர் புத்தி சொல்லி முடித்திருந்தார்கள். "மற்றவர்களுக்கு வழி போட்டுக் கொடுக்கவா ஓடினாய்?" என்று ஒருவர் அதட்டியது என் காதில் விழுந்தது.

என் ஸ்டாப்வாட்சில் 2 நிமிடம் 29.8 வினாடி. அதற்கு முன் அவளுடைய சிறந்த நேரம் 2:33. பிறந்ததிலிருந்து இவ்வளவு வேகமாக அவள் ஓடியதில்லை. அந்த நாளில்தான் திட்டு வாங்கிக்கொண்டு நின்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்: "முன்னால் ஓடியது தப்பா மாஸ்டர்?" ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாளிக்க எனக்கு மனம் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதற்காகத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் எனக்கு ஒரே மனிதர்தான் நினைவுக்கு வருவார்.

ஸ்ரீராம் சிங். ராஜஸ்தானில் பட்நகர் என்ற கிராமம், 1948 நவம்பர் 14இல் பிறந்தவர். 1968இல் ராஜபுதன ரைபிள்ஸ் படையில் சேர்ந்தார். 400 மீட்டர் ஓடிக்கொண்டிருந்தவரைப் பயிற்சியாளர் இலியாஸ் பாபர் 800க்குத் திருப்பினார். அந்த ஒரு முடிவில்தான் அவருடைய வாழ்க்கை இருக்கிறது. 400 ஓடுகிறவனை 800க்கு மாற்றுவது எவ்வளவு கடினம் என்று பயிற்சி கொடுக்கிறவர்களுக்குத் தெரியும். ஒரு சுற்றில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் பழகியவனிடம், அதே வலியோடு இன்னொரு சுற்று இருக்கிறது என்று சொல்ல வேண்டும். பாபர் சொன்னார், இவர் கேட்டார். இரண்டே ஆண்டில், 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் வெள்ளி. 1972 ம்யூனிக் ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்றைத் தாண்டவில்லை. 1973இல் ஆசியத் தடகளப் போட்டியில் தங்கம். 1974 டெஹ்ரான் ஆசிய விளையாட்டில் 1:47.6 ஓடித் தங்கம், அது அப்போது போட்டிச் சாதனை. 1975 சியோலில் மீண்டும் ஆசியத் தடகளத் தங்கம்.

அடுத்தது மான்ட்ரியல், 1976 ஜூலை. 23ஆம் தேதி தகுதிச் சுற்றில் 1:45.86. மறுநாள் அரையிறுதி. அதற்கு மறுநாள் இறுதிப் போட்டி. மூன்று நாளில் மூன்று முறை 800 மீட்டர். மூன்றாவது நாளில் கால் எப்படி இருக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

இறுதியில் எட்டுப் பேர். அவர்களில் கியூபாவின் அல்பெர்ட்டோ ஹுவான்டோரேனா, பெல்ஜியத்தின் ஈவோ வான் டாம், அமெரிக்காவின் ரிக் வோல்ஹூட்டர், இங்கிலாந்தின் இளைஞர் ஸ்டீவ் ஓவெட். இவர்களுக்கெல்லாம் முன்னால் போய் முதல் சுற்றை ஓடியவர் ஸ்ரீராம் சிங். 400 மீட்டரை 50.85 வினாடியில் கடந்தார். கடைசிச் சுற்றுக்கான மணி அடித்தபோது முன்னால் இருந்தது இந்தியச் சட்டை. அவருடைய தோளுக்குப் பின்னாலேயே ஹுவான்டோரேனா. அதன் பிறகு அந்த நெடிய மனிதர் தாண்டிப் போனார். 1:43.50, உலக சாதனை. வான் டாம் 1:43.86, வோல்ஹூட்டர் 1:44.12. ஸ்ரீராம் சிங் ஏழாவது, 1:45.77.

அந்த 1:45.77 அவருடைய வாழ்நாள் சிறந்த நேரம்.

முதல் சுற்றின் வேகம்தான் தன் சாதனைக்கு உதவியது என்று ஹுவான்டோரேனாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதை நம்மில் பலர் பெருமையாகச் சொல்கிறார்கள். சிலர் அதையே குறையாகவும் சொல்கிறார்கள். அவர் முன்னால் ஓடியது தவறா? ஓடியவர்கள், ஓடுகிறவர்கள், பயிற்சி கொடுக்கிறவர்கள் எல்லோரும் எழுதுங்கள். அந்தப் பெண்ணுக்கு நான் சொல்லப்போகும் பதில் இங்கிருந்து கிடைக்கும் என்று நம்புகிறேன்.

பெரம்பூர் லோகோ | ஞாயிறு, இரவு 10.25

மாஸ்டர், நல்ல கேள்வியைத் தொட்டீர்கள். எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. 1975இல் லோகோ ரயில்வே தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவன். காலையில் சங்கு ஊதுவதற்கு முன் தொழிற்சாலை வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் பத்துப் பேர் ஒரே செய்தித்தாளைப் பிரித்துப் பிரித்துப் படிப்போம். விளையாட்டுப் பக்கம் எப்போதும் என் கைக்கு வந்துவிடும்.

அந்த மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு இரண்டு ஏழாவது இடம் கிடைத்தது, அது பலருக்கு நினைவில்லை. ஒன்று ஸ்ரீராம் சிங்குக்கு. இன்னொன்று ஹாக்கிக்கு. அந்த ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாகச் செயற்கைத் தரையில் ஹாக்கி நடந்தது. நம் அணி ஏழாவது இடத்துக்குச் சரிந்தது. ஒலிம்பிக் முழுவதிலும் ஒரு பதக்கமும் இல்லை. டீக்கடையில் பேச்செல்லாம் ஹாக்கிதான். எங்கள் பகுதியில் ஹாக்கி மட்டை பிடிக்காத பையன் அப்போது குறைவு. ரயில்வே குடியிருப்புகளில் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் வீட்டில் ஒருவர் இறந்துவிட்டதைப் போலத்தான் எல்லோரும் பேசினோம்.

அந்தத் துக்கத்தில் இந்த ஏழாவது இடம் காணாமல் போய்விட்டது. ஹாக்கியில் ஏழாவது வந்தது வீழ்ச்சி. உலகத்தில் மிக வேகமான எட்டுப் பேரில் ஒருவராக நின்று ஏழாவது வந்தது ஏற்றம். எண் ஒன்றாக இருந்ததால் நாங்கள் இரண்டையும் ஒரே தட்டில் போட்டுவிட்டோம். இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் எனக்கு அது உறுத்துகிறது.

அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள்: ஐந்தாவது என்ற எண்ணை மட்டும் பார்க்கிறவர்கள் பேச்சை அவள் கேட்க வேண்டாம்.

ஐந்தாம் தடம் | திங்கள், காலை 6.05

ஐயா இருவருக்கும் வணக்கம். நான் திருவொற்றியூர். கல்லூரி அணிக்கு 800, 1500 ஓடுகிறேன். மரியாதையோடு மறுக்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். முதல் சுற்று 50.85. மொத்தம் 1:45.77. அப்படியானால் இரண்டாம் சுற்று 54.92. இரண்டு சுற்றுக்கும் நான்கு வினாடிக்கு மேல் வித்தியாசம். அவருக்குப் பின்னால் ஏறக்குறைய அதே நேரத்தில் முதல் சுற்றை முடித்த ஹுவான்டோரேனா இரண்டாவது சுற்றை 53 வினாடிக்குள் ஓடியிருக்கிறார். 800 மீட்டரில் முதல் சுற்று சற்று வேகமாக இருப்பது இயல்பு. ஒன்றரை, இரண்டு வினாடி வித்தியாசம் இருந்தால் உடம்பு தாங்கும். நான்கு வினாடி என்றால், அவருடைய கால் கடைசி 150 மீட்டரில் செத்துவிட்டது என்று பொருள்.

ஆறாவதாக வந்த யூகோஸ்லாவியாவின் லூசியானோ சுசான்ய் 1:45.75. இரண்டு நூறில் ஒரு பங்குதான் இடைவெளி. ஐந்தாவது ஓவெட் 1:45.44. நான்காவது மேற்கு ஜெர்மனியின் வில்லி வுல்பெக் 1:45.26. ஸ்ரீராம் சிங் முதல் சுற்றை 51.8க்கு ஓடி, பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தால், அதே உடம்பை வைத்துக்கொண்டு அரை வினாடிக்கு மேல் மிச்சம் பிடித்திருக்க முடியும். மில்கா சிங்கைப் போல நான்காவது இடம். இன்று அவர் பெயர் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும்.

முன்னால் ஓடுகிறவன் காற்றைத் தனியாக வாங்குகிறான். பின்னால் வருகிறவன் அவனை மறைப்பாக வைத்துக்கொள்கிறான். எண்ணூர் விரைவுச்சாலையில் கடல் காற்றுக்கு எதிரே ஓடிப் பாருங்கள், உடனே புரியும். ஒரு கண்டெய்னர் லாரி பக்கத்தில் மெதுவாக ஊர்ந்தால் காற்று நின்றுவிடும், கால் தானாகப் பறக்கும்.

அந்தத் தங்கையின் சுற்று நேரங்கள் எவ்வளவு மாஸ்டர்? அதைச் சொல்லாமல் அவளுக்கு ஆறுதல் மட்டும் சொல்வது சரியில்லை.

தண்டையார்பேட்டை மாஸ்டர் | திங்கள், காலை 8.30

தம்பி, நீங்கள் கேட்டது சரி. முதல் சுற்று 70. இரண்டாவது 79.8. கிட்டத்தட்ட பத்து வினாடி வித்தியாசம். அதில் குறை என்னுடையது. எங்கள் மைதானம் மண் தரை, ஒரு சுற்று 200 மீட்டர்தான். சுண்ணாம்புக் கோடு நானே போடுவேன். அங்கே நான்கு சுற்று ஓடிப் பழகியவளுக்கு 400 மீட்டர் தடத்தில் நேர்கோடு முடிவே இல்லாமல் நீண்டு தெரிந்திருக்கிறது. வேகத்தை அளக்க அவளுக்கு ஓர் அடையாளமும் இல்லை. நான் அவளுக்கு நேரம் சொல்லிப் பழக்கவில்லை. மூச்சைச் சொல்லிப் பழக்கியிருக்கிறேன்.

ஆனால் ஸ்ரீராம் சிங் விஷயத்தில் உங்கள் கணக்கில் ஒன்று விடுபட்டிருக்கிறது. பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தால் நான்காவது வந்திருப்பார் என்கிறீர்கள். அவர் பின்னால் இருந்திருந்தால் அந்தப் போட்டி அந்தப் போட்டியாகவே இருந்திருக்காதே? முதல் சுற்றை வேறு யாராவது 52.5க்கு மெதுவாக இழுத்திருந்தால், கடைசி 200 மீட்டர் பாய்ச்சல்காரர்களின் போட்டியாகிவிடும். அதில் ஓவெட்டிடமும் ஹுவான்டோரேனாவிடமும் யார் நிற்க முடியும்? ஹுவான்டோரேனா 400 மீட்டர்காரர். நான்கு நாள் கழித்து அதே ஒலிம்பிக்கில் 44.26 ஓடி 400 மீட்டர் தங்கத்தையும் எடுத்தவர். கடைசி 100 மீட்டருக்கு அவரை வேகம் மிச்சத்தோடு விட்டுவைப்பது தற்கொலை. ஓட்டத்தையே கடினமாக்கி, எல்லோருடைய காலிலும் முன்கூட்டியே ஈயத்தை ஊற்றிவிட வேண்டும். ஸ்ரீராம் சிங்குக்கு இருந்த ஒரே வழி அது என்பது என் கருத்து.

வழி போட்டுக் கொடுத்தார் என்று சொல்லும்போது, அவர் இன்னொருவருக்காக ஓடியதைப் போல ஒலிக்கிறது. அவர் தனக்காக ஓடினார். அவரைத் தாண்டிப் போனவர் அன்று உலகத்திலேயே யாரும் ஓடாத வேகத்தில் ஓடிவிட்டார், அவ்வளவுதான்.

வியாசர்பாடி அத்தோ | திங்கள், பிற்பகல் 1.15

மாஸ்டர் 1970 பாங்காக் வெள்ளியை ஒரே வரியில் கடந்துவிட்டார். அங்கே எங்கள் வீட்டுக் கதை ஒன்று இருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

நாங்கள் பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பம். தாத்தா ரங்கூனில் கடை வைத்திருந்தவர். அறுபதுகளில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்தவர்கள். வியாசர்பாடியில் குடிசை போட்டுத் தொடங்கினார்கள். வந்து எத்தனை வருடம் ஆகியும் தாத்தாவுக்குக் கடைசிவரை பர்மா என்றால் உயிர். பர்மா கால்பந்து அணி 1966இலும் 1970இலும் ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கியதை எங்களுக்கு நூறு முறை சொல்லியிருப்பார்.

பாங்காக்கில் 800 மீட்டரில் ஸ்ரீராம் சிங்கை இரண்டாவது இடத்துக்குத் தள்ளியவர் பர்மாவின் ஜிம்மி கிராம்ப்டன். "நம் ஆள் ஜெயித்தான், நம் ஆள் தோற்றான், இரண்டும் ஒரே ஓட்டத்தில்" என்பார் தாத்தா. சிறு வயதில் எனக்கு அது புரியாது. யார் நம் ஆள் என்று கேட்பேன். இரண்டு பேரும்தான் என்பார்.

ஓட்டத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நான் கால்பந்துக்காரன். இருபது வயதில் ஒருவரிடம் தோற்று, அடுத்த இரண்டு ஆசிய விளையாட்டிலும் தங்கம் எடுத்தவரை, யோசிக்காமல் ஓடினார் என்று சொல்ல முடியாது என்றே நினைக்கிறேன்.

பெரம்பூர் லோகோ | திங்கள், பிற்பகல் 2.40

தம்பி, சிறு திருத்தம். 1970 டிசம்பரில் அவருக்கு இருபத்திரண்டு முடிந்திருந்தது. மற்றபடி நீங்கள் எழுதியதைப் படித்து மனம் நிறைந்தது. 1978 பாங்காக்கில், அதே ஊரில், தங்கம் எடுத்தார் என்பதையும் தாத்தா சொல்லியிருப்பாரே?

வியாசர்பாடி அத்தோ | திங்கள், பிற்பகல் 3.00

மன்னிக்கவும் ஐயா, இருபத்திரண்டுதான். 1978க்குள் தாத்தா காலமாகிவிட்டார். 1978 கதை அப்பா வழியாகத்தான் எனக்கு வந்தது.

மணலி புதுநகர் | திங்கள், இரவு 8.50

பெண்கள் ஓட்டத்தைப் பற்றித் தொடங்கிய இழையில் ஒரு பெண்ணும் எழுதவில்லை என்பதால் வருகிறேன். பள்ளியில் 800 ஓடியவள் நான். மாவட்ட அளவோடு நின்றுவிட்டேன்.

1995 டிசம்பர். சென்னையில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி. பெரியமேடு நேரு ஸ்டேடியத்துக்குப் பள்ளியிலிருந்து எங்களை அழைத்துப் போனார்கள். அன்று ஷைனி வில்சன் 800 மீட்டரை 1:59.85 ஓடினார். இரண்டு நிமிடத்துக்குள் ஓடிய முதல் இந்தியப் பெண். அப்போது அவர் ஒரு குழந்தைக்குத் தாய். எனக்குப் பதின்மூன்று வயது. எங்கள் வரிசைக்குக் கீழே வளைவில் அவர் திரும்பியபோது ஆணி வைத்த ஸ்பைக்ஸ் காலணி தரையைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. பெரிய துணியை வேகமாகக் கிழித்தால் எப்படிக் கேட்குமோ அப்படி. கூட்டத்தின் இரைச்சலை விட அந்தச் சத்தம்தான் இன்னும் காதில் இருக்கிறது.

அதே ஷைனி 1986 சியோல் ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் முன்னால் ஓடிக்கொண்டிருந்தும் தடம் மாறிய தவறுக்காகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். முதல் வளைவு முடியும் வரை அவரவர் தடத்தில் ஓட வேண்டும், அதற்குப் பிறகுதான் உள்ளே வரலாம் என்பது விதி. அந்த ஓரிரு அடி தவறியதில் ஒரு பதக்கம் போனது. அப்போது அவரை எத்தனை பேர் திட்டியிருப்பார்கள்? அவர் திரும்பி வந்து இன்னும் ஒன்பது வருடம் ஓடினார். 1992 பார்சிலோனாவில் நம் கொடியைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜனைப் பற்றியும் இங்கே எழுத ஆசை. 2006 தோஹாவில் 2:03.16 ஓடி வெள்ளி வாங்கி, பிறகு அது பறிக்கப்பட்ட கதை. அதை நான்கு வரியில் எழுதினால் அவருக்குச் செய்யும் அநியாயம். அதற்குத் தனியாக ஓர் இழை வேண்டும், நானே தொடங்குகிறேன்.

மாஸ்டர், உங்கள் மாணவிக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. எங்கள் வயதில் முன்னால் ஓடுகிற பெண்ணை யாருக்கும் பிடிக்காது. "அடக்கமாக ஓடு" என்று எனக்குச் சொன்ன ஆசிரியை இருந்தார். ஓட்டத்தில் அடக்கம் என்றால் என்ன என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நான் அடக்கமாக ஓடினேன். மூன்றாவது, நான்காவது வந்துகொண்டே இருந்தேன். என் கால் எவ்வளவு தாங்கும் என்று எனக்குத் தெரியாமலேயே ஓட்டம் முடிந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்துவிட்டது, 650 மீட்டர். இனி அதை 700 ஆக்கலாம்.

தேவகோட்டையான் | செவ்வாய், காலை 7.20

பிழைப்புக்காக ராயபுரத்தில் இருக்கிறேன், ஊர் தேவகோட்டை. எங்கள் ஊர்க்காரர் பெயர் வரும் வரும் என்று மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒருவரும் சொல்லவில்லை!

சார்லஸ் பொரோமியோ. தேவகோட்டையில் பிறந்தவர். 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் தங்கம், 1:46.81. ஸ்ரீராம் சிங் 1974, 1978 இரண்டிலும் எடுத்த தங்கத்தைத் தொடர்ந்து அடுத்ததையும் இந்தியாவுக்கே எடுத்துக் கொடுத்த தமிழர். அர்ஜுனா விருது, 1984இல் பத்மஸ்ரீ. அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் தங்கம் நமக்குத் திரும்பக் கிடைக்க 2018 ஜகார்த்தா வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மன்ஜித் சிங் எடுத்தார். முப்பத்தாறு வருடம்! இந்த ஊரில் எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன், ஒருவருக்கும் பொரோமியோவைத் தெரியவில்லை. கிரிக்கெட்டில் பத்தாவது ஆட்டக்காரராக இறங்கியவர் பெயரைக்கூடச் சொல்கிறார்கள்.

பெரம்பூர் லோகோ | செவ்வாய், காலை 9.00

உண்மைதான் தேவகோட்டைத் தம்பி. எனக்கே மறந்துவிட்டது, வெட்கமாக இருக்கிறது. ஆசிய விளையாட்டுக்காகத்தான் எங்கள் தெருவில் முதல் கலர் டிவி வந்தது. வீட்டுத் திண்ணை முழுக்கக் கூட்டம். அந்த ஓட்டத்தைப் பார்த்தேனா என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. பார்த்திருப்பேன்.

ஐந்தாம் தடம் | செவ்வாய், இரவு 10.15

இரண்டு நாளாக யோசித்தேன். என் கருத்தில் பாதியை மாற்றிக்கொள்கிறேன்.

2012 லண்டன் இறுதியை மீண்டும் பார்த்தேன். டேவிட் ருடிஷா முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை முன்னால். முதல் சுற்று 49.28, இரண்டாவது 51.63, மொத்தம் 1:40.91, உலக சாதனை. கடைசியாக வந்த இங்கிலாந்துக்காரரின் நேரம் 1:43.77. அந்த நேரம் 2000, 2004, 2008 மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கியிருக்கும். முன்னால் ஓடுகிற ஒருவர் மற்ற ஏழு பேரையும் அவர்கள் நினைத்திராத இடத்துக்கு இழுத்துப் போகிறார். மான்ட்ரியலில் முதல் சுற்றில் ஸ்ரீராம் சிங் செய்தது அதையே.

அதே சமயம் 2004 ஏதென்ஸ் இறுதியையும் பார்த்தேன். ரஷ்யாவின் யூரி போர்சகோவ்ஸ்கி எப்போதும் கூட்டத்துக்குப் பின்னால் கிடப்பார். கடைசி நேர்கோட்டில் ஒவ்வொருவராகத் தாண்டித் தங்கம் எடுத்தார். அவரைக் கோழை என்று யாரும் சொல்லவில்லை. அவர் தன் உடம்பைத் தெரிந்துவைத்திருந்தார்.

ஆகவே முன்னால் ஓடுவது தவறில்லை. ஆனால் 70க்கு 79.8 தவறு, அதில் நான் மாறவில்லை. ஸ்ரீராம் சிங்கின் நான்கு வினாடி வித்தியாசம் துணிச்சல் என்றால், பத்து வினாடி வித்தியாசம் பயிற்சிக் குறைவு. இதை மாஸ்டரே ஒப்புக்கொண்டார், அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. என் யோசனை இது: 200 மீட்டருக்கு 37 வினாடி. அதை மட்டும் ஒரு மாதம் காலுக்குச் சொல்லிக் கொடுங்கள். 200 ஓடு, 200 நட, மீண்டும் ஓடு. எட்டு முறை. ஒவ்வொரு முறையும் முடித்ததும் ஸ்டாப்வாட்சைக் காட்டாமல் அவளிடமே எவ்வளவு என்று கேளுங்கள். எங்கள் பயிற்சியாளர் எனக்குச் செய்தது அதுதான். மூன்றாவது வாரத்தில் அரை வினாடி கூட்டிக் குறைத்து நானே சொல்ல ஆரம்பித்தேன்.

இன்னொன்று. ஸ்ரீராம் சிங்கின் 1:45.77 இந்திய சாதனையாக 2018 ஜூன் வரை நின்றது. குவாஹாட்டியில் ஜின்சன் ஜான்சன் 1:45.65 ஓடி உடைத்தார். ஏறக்குறைய 42 ஆண்டு கழித்து 0.12 வினாடி. நல்ல தடம், நல்ல காலணி, நல்ல சாப்பாடு, எல்லாம் வந்த பிறகும் 42 ஆண்டு. 1:45க்குக் கீழே ஓர் இந்தியர் போனது 2025இல்தான், முகமது அஃப்சல் 1:44.93. முதல் சுற்றை 51.8க்கு ஓடியிருக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை நான் சுலபமாக எழுதிவிட்டேன். என்னுடைய 400 மீட்டர் சிறந்த நேரமே 51.6.

மணலி புதுநகர் | செவ்வாய், இரவு 10.40

தம்பி, அதை நீங்கள் ஞாயிறு இல்லை, திங்கட்கிழமை காலை எழுதினீர்கள். ஆனால் கடைசி வரியைப் படித்துக் கண் கலங்கிவிட்டது.

பெரம்பூர் லோகோ | புதன், காலை 6.30

அந்த எட்டுப் பேரைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதிவிடுகிறேன், இளையவர்கள் தெரிந்துகொள்ளட்டும். இரண்டாவதாக வந்த வான் டாம் அதே ஆண்டு டிசம்பரில் கார் விபத்தில் இறந்துபோனார். வயது இருபத்திரண்டு. பிரஸ்ஸல்ஸில் அவர் பெயரில் ஆண்டுதோறும் தடகளப் போட்டி நடக்கிறது. ஐந்தாவதாக வந்த ஓவெட் 1980 மாஸ்கோவில் 800 மீட்டர் தங்கம் வென்றார். நான்காவதாக வந்த வுல்பெக் 1983 முதல் உலகத் தடகளப் போட்டியில் தங்கம் எடுத்தார். 800 மீட்டரில் முன்னணியில் இருந்த கென்யாவின் மைக் போயிட் மான்ட்ரியலில் ஓடவே இல்லை. நியூசிலாந்து ரக்பி அணி நிறவெறி தென்னாப்பிரிக்காவுக்குப் போய் விளையாடியதைக் கண்டித்து ஆப்பிரிக்க நாடுகள் வெளியேறியிருந்தன.

இப்படிப்பட்டவர்களுக்கு நடுவில் நின்றுதான் நம் சிப்பாய் முதல் சுற்றை ஓடினார். ஒலிம்பிக் 800 மீட்டர் இறுதியில் நின்ற இந்தியர் இன்றுவரை அவர் ஒருவர்தான். நான்கு வருடம் கழித்து மாஸ்கோவுக்கும் போய் அரையிறுதி வரை ஓடிவிட்டு ஓய்வு பெற்றார். அப்போது வயது முப்பத்தொன்று.

மாஸ்டர், அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் சொன்னீர்கள்? நீங்கள் அதைச் சொல்லவே இல்லையே.

தண்டையார்பேட்டை மாஸ்டர் | சனி, காலை 8.05

தாமதத்துக்கு மன்னியுங்கள் ஐயா. பதிலை வாயால் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

வியாழக்கிழமை பயிற்சி முடிந்ததும் மான்ட்ரியல் இறுதியை என் செல்பேசியில் அவளுக்குப் போட்டுக் காட்டினேன். மைதானத்துச் சுவரோரம் உட்கார்ந்து பார்த்தாள். முதல் முறை முழுவதும் பார்த்தாள். இரண்டாவது முறை மணி அடிக்கும் இடத்தில் நிறுத்தச் சொன்னாள். முன்னால் இருக்கிறவர் யார் என்று கேட்டாள். சொன்னேன். ஏழாவது வந்தார் என்றும் சொன்னேன். அவருடைய நேரத்தைக் கேட்டாள். பிறகு, "அவர் அதற்கு முன்னால் அவ்வளவு வேகமாக ஓடியிருக்கிறாரா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். செல்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஷூ லேஸைக் கழற்றத் தொடங்கினாள். வேறு எதுவும் பேசவில்லை.

ஐந்தாம் தடம் தம்பி சொன்ன பயிற்சியை மறுநாளே தொடங்கினோம். வெள்ளிக்கிழமை எட்டு 200. முதல் மூன்றை 34, 34, 35 என்று பறந்து முடித்துவிட்டு, "முப்பத்தேழு" என்று என்னிடம் சொன்னாள். ஸ்டாப்வாட்சைக் காட்டினேன். முகம் சுருங்கியது. ஐந்தாவதில் 36.5. ஏழாவதில் சரியாக 37, அவளும் 37 என்றாள்.

இன்று காலை ஆறு மணிக்குச் சோதனையாக ஒரு 800. நேற்று இரவு தூறியதால் தரை நன்றாக இறுகியிருந்தது. கோடு புதிதாகப் போட்டேன். கூட ஓடப் பையன்கள் நான்கு பேரை நிறுத்தி, "நீ யாருக்குப் பின்னால் ஓடப்போகிறாய்?" என்று கேட்டேன். யாருக்கும் பின்னால் இல்லை என்றாள். சரி, ஆனால் முதல் 200க்கு 36க்குக் கீழே வந்தால் விசில் ஊதி நிறுத்திவிடுவேன் என்றேன்.

36, 37.5, 38.2, 37.4. மொத்தம் 2:29.1. மண் தரையில், நெருக்கமான வளைவுகளில், எட்டு வளைவு. கடைசிச் சுற்றில் ஒரு பையன் தோளுக்குப் பக்கத்தில் வந்தான். அவள் விடவில்லை. கோட்டைத் தாண்டியதும் குனியவில்லை, நடந்துகொண்டே இருந்தாள். நான் நேரத்தைச் சொல்லும் முன் கையைக் காட்டித் தடுத்துவிட்டு, "இரண்டு இருபத்தொன்பது" என்றாள்.

அடுத்த போட்டி மூன்று வாரத்தில். பெரிய தடத்தில் ஒரு முறையாவது அவளை ஓட வைக்க வேண்டும். மணலி புதுநகர் சகோதரி, அடுத்த ஞாயிறு காலை உங்களால் வர முடியுமா? 1995இல் நீங்கள் கேட்ட அந்தச் சத்தத்தைப் பற்றி அவளிடம் சொன்னேன். உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறாள்.

மணலி புதுநகர் | சனி, காலை 8.20

வருகிறேன் மாஸ்டர். ஐந்தரைக்கு வாசலில் நிற்பேன். என் பழைய ஸ்பைக்ஸ் பரணில் இருக்கிறது, ஆறாம் எண். அவளுக்குப் பொருந்துமா என்று கேட்டுச் சொல்லுங்கள்.